சுங்கை சிப்புட்டிலிருந்து முதல் பயணம்: புதிதாகப் புறப்படுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட் மாதிரி, தோட்டங்களை நம்பி வளர்ந்த ஊர்களில் பிறந்தவர்கள் வெளியூர் போவதென்றால் பெரும்பாலும் வேலைக்கு, கல்யாணத்துக்கு, இல்லாவிட்டால் தைப்பூசத்துக்கு. சிங்கப்பூர்வரை போய் உழைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பினாங்குத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தூரம் இவர்களுக்குப் புதிதில்லை. பார்ப்பதற்கும் கேட்பதற்கும் என்றே ஒரு நாளை ஒதுக்கிப் புறப்படுவதுதான் புதிது. அதை எப்படித் தொடங்குவது என்று கேட்கிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை ஊர் பார்த்தோம் என்ற கணக்கு யாரையும் வளர்க்காது. போன இடத்தில் யாரிடம் என்ன கேட்டோம், அந்தப் பதில் நம்மை என்ன செய்தது என்பதுதான் வளர்க்கும். அதனால் இந்த வழிகாட்டி ரயில் நிலையத்திலிருந்து தொடங்கவில்லை. உங்கள் வீட்டிலிருந்து தொடங்குகிறது.

முதல் படி: வீட்டில் இருக்கும் பெரியவரிடம் கேளுங்கள்

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ எழுபதைத் தாண்டிய ஒருவர் இருப்பார். சாயங்காலம் தேத்தண்ணி நேரத்தில் அவர் பக்கத்தில் உட்காருங்கள். "அந்தக் காலம் எப்படி இருந்துச்சு பாட்டி?" என்று கேட்டால், "ரொம்பக் கஷ்டம்ய்யா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பொத்தாம்பொதுவான பதில்தான் வரும். விடியலில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு எந்த இடத்தில் நடக்கும், மழை பெய்தால் அன்றைக்குச் சம்பளம் உண்டா, கைப்பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்கள், முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள் என்று கேளுங்கள்.

கைப்பிள்ளையைப் பற்றி எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டபோது அவர் சொன்னது இது: "ஆயாக்கொட்டாய்ல வரிசையா தொட்டில் தொங்கும். நான் கட்டுன பழைய சேலையைத்தான் என் பிள்ளைக்குத் தொட்டிலா போட்டேன். வேற சேலையில போட்டா தூங்கமாட்டான், வாசம் தெரியும்." அந்தக் காலத்துத் தாய்மார் எப்படி வேலைக்குப் போனார்கள் என்பதை அந்த ஒரு சேலை எனக்குப் புரியவைத்தது.

போகுமுன் சில காலக்கணக்குகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கேள்விகள் கூர்மையாகும். கங்காணி, அதாவது தோட்டத்து மேஸ்திரி, இந்தியாவுக்குப் போய் ஆள் சேர்த்து வருகிற முறை 1938இல் நின்றது. ஆகவே உங்கள் கொள்ளுத்தாத்தா அப்படி வந்தவர் என்றால் அதற்கு முந்தியே கப்பல் ஏறியிருப்பார். ஜப்பான்காரன் காலத்தில், 1942க்கும் 1943க்கும் இடையில், சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். அதற்குத் தோட்டத்துத் தமிழர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டு போனார்கள். போனவர்களில் ஆயிரக்கணக்கானோர் திரும்பவில்லை. "நம்ம குடும்பத்துல சயாமுக்குப் போனவங்க உண்டா?" என்று கேட்டால் பல வீடுகளில் ஒரு பெயர் வரும். அந்தப் பெயரை எழுதி வையுங்கள். அவருக்கென்று ஒரு கல்லறைகூட இல்லாமல் இருக்கலாம்.

நம் ஊருக்கே உரிய ஒரு தேதியும் உண்டு. 1948 ஜூன் 16 காலையில் எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலுமாக மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960வரை நீடித்தது. முள்வேலி, ஊரடங்கு, அரிசிக் கட்டுப்பாடு எல்லாம் அந்த வருஷங்களில் வந்தவை. எண்பதைத் தாண்டியவர்களுக்கு அது குழந்தைப்பருவ நினைவு. சரித்திரப் புத்தகத்தில் ஒரு பத்தியில் முடிகிற விஷயத்தை அவர்கள் ஒரு மணி நேரம் சொல்வார்கள்.

கைப்பேசியில் பதிவு செய்வதென்றால் அனுமதி கேட்டுவிட்டுச் செய்யுங்கள். காற்றாடியை நிறுத்துங்கள், அதன் சத்தம் குரலை விழுங்கிவிடும். அழைப்பு வராதபடி ஃப்ளைட் மோடில் போட்டு அவர் பக்கத்திலேயே வையுங்கள். முடிந்தவுடன் கோப்புக்கு அவர் பெயரையும் தேதியையும் கொடுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நூறு பதிவுகளுக்கு நடுவில் அது காணாமல் போய்விடும்.

இரண்டாம் படி: தோட்டத்தை நடந்து பாருங்கள்

தோட்டம் தனியார் நிலம். முதலில் ஆபீஸிலோ காவலுக்கு நிற்கிற ஜாகாவிடமோ சொல்லிவிட்டு உள்ளே போங்கள். தெரிந்தவர் ஒருவர் கூட வந்தால் நல்லது. செம்பனை (எண்ணெய்ப் பனை) காட்டுக்குள் நடப்பதென்றால் மூடிய சப்பாத்து போடுங்கள். பாம்பு இருக்கும், ஓலைமுள்ளும் கிடக்கும்.

இப்போது நம் பக்கத்தில் பெரும்பகுதி செம்பனைதான். என்றாலும் சிறு தோட்டங்களில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், இன்னும் நிற்கிறது. மரம் வெட்டத் தெரிந்த, அதாவது பட்டையைச் சீவிப் பால் இறக்கத் தெரிந்த ஒருவரைப் பிடித்து, ஒரே ஒரு மரத்தை எப்படி வெட்டுவது என்று காட்டச் சொல்லுங்கள். முதலில் முந்தைய வெட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலைக் கயிறு மாதிரி உரித்தெடுப்பார். பிறகு கத்தியை வைத்து, இடது மேலிருந்து வலது கீழாக, சாய்வாகப் பட்டையைச் சீவுவார். சீவுகிற பட்டை மெல்லியதாக இருக்க வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. கொஞ்சம் கூடினாலும் மரத்தில் காயம் பட்டுவிடும். காயம் பட்ட இடத்தில் புதுப் பட்டை மேடும் பள்ளமுமாக வளரும், மறுபடி அங்கே வெட்டுவது கஷ்டம். வெள்ளைக் கோடு ஒன்று சாய்வில் ஓடி வந்து மங்குக் கிண்ணத்தில் சொட்டும். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால்தான் நம் பாட்டிமார் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் போனார்கள். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரங்களை இப்படி வெட்டி, தோளில் சுமக்கிற காண்டா வாளியில் பாலைத் தூக்கி வந்த கைகள் அவை. இதைக் கண்ணால் பார்த்தபின், "படிக்காத தோட்டத்து ஜனங்க" என்று யாராவது சொன்னால் உங்களால் சும்மா இருக்க முடியாது.

தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கும் லயத்துப் பக்கம் போனால் இப்போது யார் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள் குலை வெட்டுகிறார்கள், உரம் போடுகிறார்கள். நம் ஆட்களில் சிலர் அவர்களைப் பேசுகிற பேச்சு எனக்குப் பொறுக்கவே பொறுக்காது. ஊரில் கடன், தரகருக்குக் காசு, ஒப்பந்தம், மாதாமாதம் வீட்டுக்குப் பணம்: நம் முன்னோர் கதை வேறு மொழியில் நடக்கிறது. மலாயில் நாலு வார்த்தை பேசுங்கள். எந்த ஊர், பிள்ளைகள் எத்தனை, எப்போது திரும்பப் போவீர்கள் என்று கேளுங்கள். உங்கள் பாட்டி சொன்னதை அவர் பதிலோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். சமுதாயத்தைப் பற்றி நான் கற்ற பெரிய பாடங்களில் பாதி இந்த லயத்து வாசலில் கற்றதுதான்.

மூன்றாம் படி: ரயிலேறி கோலகங்சார்

இப்போது ரயில். சுங்கை சிப்புட்டில் நிலையம் இருப்பது நமக்குக் கிடைத்த வரம். முதல் பயணத்துக்கு கோலகங்சாரைச் சொல்வேன். பக்கத்து ஊர், காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். இடிஎஸ் என்கிற விரைவு மின்ரயில் என்றால் டிக்கெட்டை ரயில் நிறுவனமான கேடிஎம்பியின் செயலியிலோ கவுன்ட்டரிலோ முன்கூட்டியே எடுங்கள். பள்ளி விடுமுறை, தீபாவளி, ஹரிராயா, சீனப் பெருநாள், தைப்பூசம் என்றால் இருக்கை கிடைப்பது கஷ்டம். உள்ளூர் ரயிலான கொமூட்டர் மலிவு. எல்லா ரயிலும் நம் நிலையத்தில் நிற்பதில்லை, அதனால் நேர அட்டவணையைப் பார்த்துவிட்டு, திரும்பி வரும் ரயிலையும் அப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பையில் ஐசி (அடையாள அட்டை), கொஞ்சம் ரொக்கம், பவர்பேங்க், தண்ணீர் போத்தல், குடை, நோட்டுப் புத்தகம். வேறொன்றும் வேண்டாம். ரொக்கம் ஏன் என்றால், சின்னக் கடைகளில் கைப்பேசியில் காசு கட்டும் வசதி இல்லாமல் போகலாம். நோட்டு எதற்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வழியில் பேராக் ஆற்றைக் கடக்கும்போது ஜன்னல் பக்கம் பாருங்கள். காராயில் பழைய விக்டோரியா பாலம் நிற்கிறது. 1900இல் திறந்தது. ரயில் இப்போது பக்கத்துப் புதுப் பாலத்தில் போகிறது. பழைய பாலத்தில் ஆட்கள் நடந்து போகலாம். மோட்டார் சைக்கிள் இருப்பவர்கள் இன்னொரு நாள் அங்கே தனியாகப் போய், ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நடந்து பார்க்க வேண்டும்.

கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிழட்டு ரப்பர் மரம் வேலிக்குள் நிற்கிறது. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து விதைகளை லண்டனுக்குக் கொண்டு போனார். கியூ தோட்டத்தில் முளைத்தவற்றில் 22 நாற்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில கோலகங்சாருக்கு வந்து சேர்ந்தன. அப்போது நட்ட மரங்களில் ஒன்றுதான் இது. பெரும்பாலோர் ஒரு செல்பி எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அந்தப் பயிர் இந்த மண்ணுக்கு வராமல் இருந்திருந்தால் நம்மில் பலருடைய குடும்பம் கப்பலே ஏறியிருக்காது.

பிறகு உபுடியா மசூதிக்குப் போங்கள். 1917இல் கட்டி முடித்தது. உள்ளே போவதற்கு உடல் மூடிய உடை வேண்டும். தொழுகை நேரத்தைத் தவிர்த்துவிட்டு, வாசலில் இருப்பவரிடம் கேட்டுவிட்டுப் போகலாம். சாயோங் பக்கம் கரிய சுரைக்காய் வடிவத்தில் மண்கூஜா செய்கிறார்கள், லாபு சாயோங் என்று பெயர். செய்கிறவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். நம் கோயிலுக்குச் சட்டி வனைகிறவரின் கவலைகள்தான் அவருக்கும்: பிள்ளைகள் இந்த வேலைக்கு வரமாட்டேன் என்கிறார்கள், நல்ல மண் கிடைப்பது சிரமம்.

பெண் பிள்ளைகள் போகலாமா?

போகலாம், போக வேண்டும். வீட்டில் மறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பயம்தான், அதைக் கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த ரயில், எந்த இடம், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுங்கள். கைப்பேசியில் இருக்கும் இடத்தைப் பகிருங்கள். முதல் பயணத்துக்கு ஒரு தோழியோடு, பகல் வெளிச்சத்திலேயே திரும்பும்படி போங்கள். சொன்ன நேரத்துக்கு வந்து நின்றால் அடுத்த முறை கேள்வி குறையும். ஆண் பிள்ளைகளுக்கும் இதே ஒழுங்கு வேண்டும் என்பது என் கட்சி.

காசைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. கடன் வாங்கிப் பயணம் போகாதீர்கள். மாதம் இருபது வெள்ளி (ரிங்கிட்) தனியாக எடுத்து வைத்தாலே பக்கத்து ஊர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

நான்காம் படி: அன்றைக்கே எழுதுங்கள்

வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டபின் எழுதலாம் என்று நினைத்தால் தூக்கம் வந்துவிடும். திரும்புகிற ரயிலிலேயே எழுதுங்கள். "அழகான இடம், மனசுக்கு நிம்மதி" என்று எழுதுவதில் பயனில்லை. கடையில் என்ன விலை, யார் என்ன சொன்னார், எதைப் பார்த்தபோது நீங்கள் நினைத்திருந்தது மாறிப்போயிற்று என்று எழுதுங்கள். கடைசியில் சொன்னதுதான் முக்கியம். மலாய்க்காரர்களைப் பற்றி, சீனர்களைப் பற்றி, நம் ஆட்களைப் பற்றியே நாம் வளர்த்து வைத்திருக்கும் எண்ணங்களில் எது இன்றைக்கு ஆட்டம் கண்டது? எதுவுமே ஆட்டம் காணவில்லை என்றால் யாரிடமும் பேசாமல் திரும்பியிருக்கிறீர்கள் என்று பொருள்.

பேசக் கூச்சமாக இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். தோட்டத்தில் வளர்ந்த நமக்குள், ஆபீஸில் இருப்பவர் முன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற பழக்கம் தலைமுறையாக ஊறிக் கிடக்கிறது. தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம் பேசவே பயந்த தாத்தாவின் பயம், கவுன்ட்டரில் நிற்கிற பேரனுக்கும் வருகிறது. பேசிப் பேசித்தான் அது போகும். சாப்பாட்டுக் கடை மாக்சிக்கிடம் (மலாய் அம்மாவிடம்) இந்தக் குழம்பில் என்ன போட்டீர்கள் என்று கேட்பதில் தொடங்குங்கள். சமையலைப் பற்றிக் கேட்டால் முகம் மலராதவர்களை நான் பார்த்ததில்லை.

ஐந்தாம் படி: கொஞ்சம் தூரமாக

பக்கத்து ஊர் பழகியபின் தைப்பிங். 1883இல் தொடங்கிய பேராக் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. மலாயாவின் முதல் ரயில் 1885இல் அங்கிருந்து இப்போதைய கோல செபத்தாங்வரை ஓடியது. அந்தப் பாதை வேலையில் சிலோனிலிருந்து வந்தவர்களின் உழைப்பு உண்டு. போர்க்கால வீரர்களின் கல்லறைத் தோட்டத்துக்கும் போங்கள். இந்திய வீரர்களின் பெயர்களை வாசித்துப் பாருங்கள். சயாமுக்குப் போன உங்கள் குடும்பத்தவரின் பெயர் உங்கள் நோட்டில் இருந்தால், இங்கே நின்று அதையும் ஒருமுறை வாசிக்கலாம்.

பத்து காஜாவுக்குப் பக்கத்தில் கெல்லி மாளிகை. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கட்டத் தொடங்கியது. கட்டிக்கொண்டிருந்தபோது விஷக் காய்ச்சல் பரவி, தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த வேலையாட்கள் பலர் இறந்தார்கள். மற்றவர்கள் கேட்டுக்கொண்டபடி அவர் ஒரு மாரியம்மன் கோயில் கட்டிக் கொடுத்தார். 1926இல் அவர் லிஸ்பனில் இறந்துபோக, மாளிகை பாதியில் நின்றது. எல்லோரும் மாளிகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் கோயிலுக்கும் போங்கள். மேலே சுதைச் சிற்பங்களுக்கு நடுவில் வெள்ளை உடையில் கெல்லி தொரை நிற்பார். பாதி மாளிகைக்கு டிக்கெட் வாங்கிப் போகிறோம், வேலையாட்கள் கேட்டு வாங்கிய கோயிலில் இன்னும் விளக்கு எரிகிறது.

பினாங்கு என்றால் பட்டர்வொர்த்வரை ரயில், அங்கிருந்து ஃபெரி. குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது. மலாயாவில் தமிழ் வகுப்பு முதலில் தொடங்கியதும் பினாங்கில்தான், 1816இல், பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில். இன்றைக்கு நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அதற்கு மேலே கெடாவில், சுங்கைப்பட்டாணியில் இறங்கினால் மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம். ராஜேந்திர சோழன் 1025வாக்கில் படையெடுத்த கடாரம் இந்தப் பக்கம்தான். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதை மறந்துவிடாதீர்கள். அரசாங்க அலுவலகத்தில் வேலை இருந்தால் ஞாயிற்றுக்கிழமைகூடப் போகலாம்.

தூரம் போவதற்கு ஆசைப்படும்போது பக்கத்தில் இருப்பவர்களை மறந்துவிடக் கூடாது. நம் ஊருக்குப் பக்கத்து லாசா பக்கம் மேலே போனால் பூர்வகுடிகளான தெமியார் மக்களின் கிராமங்கள். பெத்தாய்க் காய் விற்க நம் கடைத்தெருவுக்கு வருகிறார்கள், நாமும் வாங்குகிறோம், பெயர்கூடக் கேட்பதில்லை. அவர்கள் கிராமத்துக்கு வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். கடைத்தெருவில் பழகுங்கள். கூப்பிட்டால், அவர்கள் தலைவருக்கும் தெரியப்படுத்திவிட்டுப் போங்கள்.

திரும்பி வந்தபின்

நம் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதற்கும் பயணத்துக்கும் தொடர்பு உண்டு. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியிருந்த காலம் அது. வேலையும் வீடும் போய்விடும் என்று ஜனங்கள் கலங்கி நின்றார்கள். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசி, பத்துப் பத்து வெள்ளியாகப் பங்கு சேர்த்து, அந்தப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். போய்ப் பார்த்ததையும் கேட்டதையும் ஊருக்கு எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நம் அளவுக்கு நாம் செய்யக்கூடியவை உண்டு. எடுத்த படங்களை அன்றைக்கே எல்லாருக்கும் காட்ட வேண்டாம். படத்தில் இருப்பவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். நல்ல படங்களைக் கடையில் கழுவி, அதில் இருப்பவர் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். பின்பக்கத்தில் பெயர், இடம், வருஷம் எழுதுங்கள். பெரியவர்களின் குரல் பதிவை பென்டிரைவில் போட்டு அவர்கள் பிள்ளைகளுக்கு ஒன்று, தமிழ்ப்பள்ளிக்கு ஒன்று கொடுக்கலாம். தலைமையாசிரியரிடம் முன்பே பேசிவிட்டால், மாணவர்கள் அதைக் கேட்டுக் கட்டுரை எழுதவும் வழி செய்வார்.

அடுத்த பயணத்துக்கு உங்கள் தாமானிலிருந்து (குடியிருப்பிலிருந்து) இதுவரை ரயிலே ஏறாத ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். அவருக்காக நீங்கள் டிக்கெட் வாங்காதீர்கள். பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள், கவுன்ட்டரில் அவரே பேசட்டும்.